டியாகோ கார்சியா விமானத்தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆசியாவில் எங்காவது சண்டை மூண்டால் இரண்டே நாளில் செய்தியில் வந்துவிடும் பெயர் இது. மற்ற நாட்களில் யாரும் இதை நினைப்பதில்லை. நம் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில்தான் இருக்கிறது என்றாலும் தமிழில் இதைப் பற்றி விவரமாகப் படிக்கக் கிடைப்பது குறைவு. வழக்கமாக எழும் கேள்விகளையும், கேட்கப்பட வேண்டிய சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டியாகோ கார்சியா சரியாக எங்கே இருக்கிறது?

இந்தியப் பெருங்கடலின் நடுவில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏழு பாகை சொச்சத்தில். கன்னியாகுமரியிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டு பவளத்தீவுகளிலிருந்து 700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். டியாகோ கார்சியாவுக்கு உரிமை கோரும் மொரிஷியஸிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

சாகோஸ் என்ற தீவுக்கூட்டத்தில் இதுதான் பெரியது. பெரியது என்றால் மொத்த நிலமே 30 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதுவும் ஒரே பரப்பாக இல்லை. நடுவில் பெரிய காயலை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மெல்லிய நாடாவாக வளைந்து கிடக்கிறது. வடக்கே மட்டும் வாய் திறந்திருக்கும். அந்த வாயில் மூன்று குட்டித் தீவுகள். நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர்தான்.

இது கடற்படைத் தளமா, விமானப்படைத் தளமா?

தாள்களில் கடற்படைத் தளம். அமெரிக்கக் கடற்படையின் 'ஆதரவு வசதி நிலையம்' என்பது அதன் அலுவல்பெயர். 1977 முதல் அந்தப் பெயர் இருக்கிறது. விமானத்தளம் அந்தக் கடற்படைத் தளத்தின் ஒரு பகுதி. ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம், எரிபொருள் கிடங்கு எல்லாம் கடற்படையின் பொறுப்பு. ஆனால் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியாவது அங்கே வந்து இறங்கும் விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்கள்தான். வீடு கடற்படையுடையது, அடிக்கடி வந்து தங்கும் விருந்தாளி விமானப்படை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தளம் அமெரிக்காவுடையது, தீவின் நிர்வாகம் பிரிட்டனுடையது. அதனால் அங்கே பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவர் 'பிரிட்டிஷ் பிரதிநிதி' என்ற பதவியில் இருப்பார். அவருக்குக் கீழே சில டஜன் பேர் கொண்ட சிறு அணி. போலீஸ், சுங்கம், குடியேற்றம் மூன்றையும் இவர்கள்தான் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் இருக்கும் தீவில், சட்டப்படி வீட்டுக்காரர் இந்தச் சிறு கூட்டம். கடையில் செல்லுபடியாவது டாலர். தபால்தலையில் இருப்பது பிரிட்டிஷ் பிரதேசத்தின் பெயர். வண்டிகள் போவது அமெரிக்க வழக்கப்படி வலதுபக்கம். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஓடுபாதை எவ்வளவு நீளம்?

12,000 அடி, அதாவது சுமார் 3,660 மீட்டர். சென்னை மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையும் ஏறத்தாழ இதே நீளம்தான். அகலத்தில் வித்தியாசம் தெரியும்: மீனம்பாக்கத்தில் 45 மீட்டர், இங்கே 60 மீட்டர் அளவில்.

ஒரு குட்டித் தீவுக்கு இவ்வளவு நீளம் எதற்கு? பி-52 குண்டுவீச்சு விமானம் முழுச் சுமையோடு கிளம்பும்போது 220 டன் எடை இருக்கும். வெப்பமண்டலக் காற்றில் அடர்த்தி குறைவு, இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறைவு. அதனால் மேலெழுவதற்கு முன் நீண்ட தூரம் ஓட வேண்டும். ஓடுபாதை வடமேற்கு–தென்கிழக்காகப் போடப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று வீசுவது தென்கிழக்கிலிருந்து. விமானம் எதிர்க்காற்றில் ஏறுவதும் இறங்குவதும்தான் சுலபம். தற்செயலாகத் தீவின் மேற்குக் கையும் அந்தப் போக்கிலேயே இருந்தது.

விமானிகளுக்கு இதில் ஒரு கவலையும் உண்டு. சாதாரண விமானநிலையத்தில் வானிலை கெட்டால் அரை மணி நேரத்தில் பக்கத்து ஊருக்குப் போய்விடலாம். இங்கே பக்கத்து ஊர் மாலத்தீவின் கன். அதுவும் ஒருகாலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக இருந்து 1976-ல் மூடப்பட்டதுதான். ஆகவே இங்கே வரும் விமானம் திரும்பிப் போகவும் வழி பார்த்துக்கொண்டுதான் எரிபொருள் நிரப்பிக் கிளம்ப வேண்டும்.

இவ்வளவு ஒதுக்குப்புறமான இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஒதுக்குப்புறம் என்பதால்தான். இதைப் புரிந்துகொள்ள இலங்கைக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும்.

சுதந்திரம் கொடுத்த பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத்தளத்தையும் பிரிட்டன் தன் கையிலேயே வைத்திருந்தது. 1956-ல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு அவற்றைத் திரும்பக் கேட்டது. 1957-ல் இரண்டும் கைமாறின. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒவ்வொரு நாடாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம். இன்று தளம் கொடுக்கும் நாடு நாளை வெளியே போ என்று சொல்லலாம். அப்போது அமெரிக்கக் கடற்படையில் ஸ்டூவர்ட் பார்பர் என்ற திட்ட அதிகாரி ஒரு யோசனை முன்வைத்தார்: மக்கள் அதிகம் இல்லாத, எந்த விடுதலை இயக்கமும் கண்ணில் படாத தீவுகளை இப்போதே வளைத்துப் போட்டுவிட வேண்டும். அந்தப் பட்டியலில் டியாகோ கார்சியா மேலே வந்தது.

மொரிஷியஸ் அப்போது பிரிட்டிஷ் காலனி. சாகோஸ் அதன் நிர்வாகத்தில் இருந்தது. மொரிஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்னால், 1965 நவம்பர் 8 அன்று, பிரிட்டன் சாகோஸை வெட்டி எடுத்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று புதிதாக ஒன்றை உருவாக்கியது. மொரிஷியஸுக்கு 30 லட்சம் பவுன் கொடுத்தார்கள். 1966 டிசம்பரில் அமெரிக்காவோடு ஒப்பந்தம்: 50 ஆண்டு, தேவைப்பட்டால் மேலும் 20. வாடகை என்று வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனால் பொலாரிஸ் ஏவுகணைகளுக்குப் பிரிட்டன் கட்ட வேண்டிய தொகையில் அமெரிக்கா 140 லட்சம் டாலர் தள்ளுபடி கொடுத்திருந்தது. இரண்டு நாட்டு நாடாளுமன்றங்களுக்கும் தெரியாமல் நடந்த ஏற்பாடு அது. 1970-களின் நடுவில்தான் அம்பலமானது.

அந்தத் தீவில் யாரும் வாழவில்லை என்கிறார்களே?

வாழ்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே தென்னை வைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் வழிவந்தவர்கள்தான் சாகோஸ் மக்கள். தேங்காய் உரித்து, கொப்பரை காயவைத்து, எண்ணெயாட்டி வாழ்ந்தார்கள். தேவாலயம் இருந்தது, இடுகாடு இருந்தது, தங்களுக்கென்று ஒரு கிரியோல் மொழி இருந்தது. தீவின் கிழக்குக் கையில் உள்ள கிழக்கு முனை அவர்களுடைய ஊர்.

'நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை, எல்லாரும் வந்துபோகும் தோட்டத் தொழிலாளர்கள்' என்று காட்டினால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று லண்டனில் கணக்குப் போட்டார்கள். கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடிகள் இருக்கக் கூடாது என்று 1966-ல் ஒரு மூத்த அதிகாரி குறிப்பு எழுதினார். அதற்கு இன்னொரு அதிகாரி, பறவைகளோடு சில டார்ஜான்களும் இருந்து தொலைக்கிறார்களே என்று கிண்டலாகப் பதில் எழுதினார். இந்தத் தாள்கள் பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்தன.

வெளியேற்றம் கட்டம் கட்டமாக நடந்தது. 1968 முதல், மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸுக்குப் போனவர்களைத் திரும்பக் கப்பல் ஏற விடவில்லை. தீவுக்கு வரும் உணவுப் பொருள் குறைந்தது. 1971-ல் டியாகோ கார்சியா முழுவதும் காலி. அந்த ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீவில் நூற்றுக்கணக்கான நாய்கள், பெரும்பாலும் வீடுகளில் வளர்த்தவை. சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அவற்றை அடைத்து, வண்டிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் மனிதர்களை ஏற்றினார்கள். தோட்டத்துக் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

பக்கத்துத் தீவுகளும் 1973-க்குள் காலியாயின. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை. போர்ட் லூயிஸ் துறைமுகத்திலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்ட அவர்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. தென்னந்தோப்பு வேலை தெரிந்தவருக்குக் கரும்பு நாட்டில் என்ன கிடைக்கும்?

விமானத்தளத்தின் கதை அமெரிக்கர்களோடுதான் தொடங்குகிறதா?

இல்லை. இரண்டாம் உலகப் போரின்போதே பிரிட்டிஷ் விமானப்படை கிழக்கு முனையில் ஒரு முன்னணி நிலையம் வைத்திருந்தது. ஓடுபாதை கிடையாது, காயலே ஓடுபாதை. கேட்டலினா என்ற நீர்விமானங்கள் இலங்கையிலிருந்து வந்து தண்ணீரில் இறங்கி, ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தன. 1944-ல் ஒரு புயல் கேட்டலினா ஒன்றைக் கரையில் தூக்கிப் போட்டது. அதன் சிதைவு அப்படியே அங்கே கிடந்தது.

அதற்கும் முந்தைய ஒரு வருகை நமக்குச் சுவாரஸ்யமானது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அடுத்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனது. பிரிட்டிஷ் கப்பல்கள் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 9 அன்று அது டியாகோ கார்சியா காயலுக்குள் நிதானமாக நுழைந்தது. தீவில் தந்தி கிடையாது. கப்பல் வருவதே அபூர்வம். உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் தோட்ட மேலாளருக்கு அது தெரியாது! ஜெர்மானியர்களும் சொல்லவில்லை. அவரது பழுதடைந்த மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள். அவர் மீனும் பன்றியும் கொடுத்து உபசரித்தார். கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கரி ஏற்றிக்கொண்டு எம்டன் கிளம்பிவிட்டது. துரத்தி வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் சில நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தன. யார் கண்ணிலும் படாமல் தங்கிப் போக ஏற்ற இடம் என்பதை முதலில் பயன்படுத்திக் காட்டியது ஒரு ஜெர்மன் கப்பல்.

பவளத்தீவில் ஓடுபாதையை எப்படிக் கட்டினார்கள்?

1971 மார்ச்சில் 'சீபீஸ்' எனப்படும் அமெரிக்கக் கடற்படைக் கட்டுமானப் பிரிவு வந்து இறங்கியது. அங்கே பாறை கிடையாது, ஆற்று மணல் கிடையாது. எனவே பவளத்தையே வெடிவைத்து உடைத்தார்கள், காயலின் அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள், அரைத்து நிரவி இறுக்கினார்கள். தென்னைகள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அந்த ஆண்டு ஜூலையிலேயே தற்காலிகப் பாதையில் முதல் சி-130 சரக்கு விமானம் இறங்கிவிட்டது. தீவின் கடைசிக் குடும்பங்கள் அப்போதுதான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன.

1973-ல் பாதை 8,000 அடி. அதே ஆண்டு தகவல்தொடர்பு நிலையமும் திறக்கப்பட்டது; அமெரிக்க நாடாளுமன்றத்திடம் காட்டிய திட்டமே அதுதான், ஏதோ எளிமையான வானொலி நிலையம் போல. அதே 1970-களில் ஓடுபாதை 12,000 அடியாக நீண்டது. 1979-ல் ஈரானில் ஷா கவிழ்ந்ததும், சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததும் பணம் கொட்டியது: பெரிய விமான நிறுத்துமிடங்கள், எரிபொருள் தொட்டிகள், ஆழப்படுத்திய காயல், கப்பல் துறை. 1980-களின் நடுப்பகுதிக்குள் இன்று நாம் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கும் தளம் உருவாகிவிட்டது.

எந்தெந்தப் போர்களில் இந்த ஓடுபாதை பயன்பட்டது?

1991 வளைகுடாப் போரில் பி-52 விமானங்கள் இங்கிருந்து ஈராக்குக்குப் பறந்தன. அந்தப் போரில் காயலின் பங்கும் சின்னதல்ல. டாங்கி, வெடிமருந்து, உணவு, எரிபொருள் எல்லாம் ஏற்றித் தயாராக நங்கூரமிட்டிருந்த கப்பல்கள், 1990-ல் குவைத் விழுந்ததும் இங்கிருந்து சவூதிக்குக் கிளம்பின. வீரர்கள் விமானத்தில் போய் இறங்க, கருவிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. கடற்படைத் தளமும் விமானத்தளமும் ஒரே இடத்தில் இருப்பதன் பலன் அது.

2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தான். இங்கிருந்து காபூல் ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர். போய்வர அரை நாளுக்கு மேல், நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு. எட்டு பி-1 விமானங்கள் முதல் ஆறு மாதத்தில் போட்ட குண்டுகள் மட்டுமே கூட்டுப்படைகள் போட்ட மொத்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் என்பது அமெரிக்க விமானப்படையின் கணக்கு. அந்த டிசம்பரில் ஒரு பி-1 தீவுக்கு வடக்கே கடலில் விழுந்தது. நான்கு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 2003-ல் மறுபடி ஈராக்.

அமெரிக்கா இங்கிருந்து யாரையாவது தாக்க வேண்டுமென்றால் பிரிட்டன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது 1970-களிலிருந்து உள்ள ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் லண்டனில் இது விவாதமாகும்.

பி-2 விமானம் வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு பரபரப்பு?

பி-2 ராடாரில் எளிதில் சிக்காது, மொத்தமே இருபதுக்குள்தான் உண்டு, தாய்வீடு அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். 2001-ல் அங்கிருந்து கிளம்பி ஆப்கானிஸ்தானைத் தாக்கிவிட்டு இங்கே வந்து இறங்கின. ஒரு பயணம் 44 மணி நேரத்துக்கு மேல் நீண்டது. இறங்கியதும் எஞ்சினை அணைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய விமானிகள் இறங்கி, புது விமானிகள் ஏறி, அதே விமானம் மிசௌரிக்குத் திரும்பியது.

அதன் மேற்பூச்சுதான் ராடார் அலைகளை உறிஞ்சுகிறது. ஈரமும் வெயிலும் அதற்கு ஆகாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் உப்புக்காற்றுத் தீவில் அதைத் திறந்தவெளியில் விட்டுவைக்க முடியாது. எனவே குளிர்சாதன வசதியுள்ள தனி ஹேங்கர்களை இங்கே நிறுவினார்கள். அமெரிக்காவுக்கு வெளியே அப்படிப்பட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2025 மார்ச் இறுதியில் ஏமனில் ஈரான் ஆதரவு பெற்ற ஹூத்திகள் மீது தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது ஆறு பி-2 விமானங்கள் இங்கே நிற்பது வணிகச் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. ஒளித்துவைக்கும் நோக்கமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஈரான் பார்க்கட்டும் என்று நிறுத்தியதாகத்தான் பட்டது.

போர் இல்லாத நாட்களில் அங்கே என்ன நடக்கிறது?

உங்கள் கைப்பேசியின் வரைபடம் வழி காட்டுகிறதல்லவா? அந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கண்காணித்து, அவற்றுக்குத் திருத்தத் தரவு அனுப்பும் தரைநிலையங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. விண்வெளியில் சுற்றும் பொருட்களைத் தொலைநோக்கியால் பின்தொடரும் நிலையமும் உண்டு. நியூ மெக்சிகோ, ஹவாய்க்கு அடுத்து மூன்றாவது. கடல் ரோந்து விமானங்களும் சரக்கு விமானங்களும் வந்துபோகும். நீர்மூழ்கிகளுக்கும் போர்க்கப்பல்களுக்கும் எரிபொருள், பழுதுபார்ப்பு. பெரும்பாலான நாட்களில் ஓடுபாதை சும்மாதான் கிடக்கும்.

விண்வெளி ஓடம் இறங்க ஒதுக்கப்பட்ட இடம் என்பது உண்மையா?

ஆம், நாசாவின் அவசர இறங்குதளப் பட்டியலில் இருந்தது. ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை.

அங்கே ரகசியச் சிறை இருந்ததா? எம்எச்370 அங்கேதான் இறங்கியது என்கிறார்களே?

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

முதல் கேள்விக்குப் பாதி பதில் பதிவில் இருக்கிறது. சிஐஏ பிடித்து வைத்தவர்களை ஏற்றிய விமானம் எதுவும் இங்கே வரவில்லை என்று பிரிட்டிஷ் அமைச்சர்கள் பல ஆண்டு சொல்லிவந்தார்கள். 2008 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் நாடாளுமன்றத்தில் எழுந்து, 2002-ல் அப்படிப்பட்ட இரண்டு விமானங்கள் எரிபொருள் நிரப்ப இங்கே இறங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு கைதி இருந்தார் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இங்கேயே யாரையும் அடைத்துவைக்கவில்லை என்பது அமெரிக்கத் தரப்பு. ஒரு முறை இல்லவே இல்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் சொல்வது என்பதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2014-ல் காணாமல் போன மலேசிய விமானம் பற்றிய கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அதன் சிதைவுகள் ரீயூனியன் தீவிலும் ஆப்பிரிக்கக் கரையோரத்திலும் ஒதுங்கியதோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும், வாட்ஸ்அப் விடுவதில்லை.

இலங்கைத் தமிழர்கள் அங்கே சிக்கிக்கொண்டார்களே, என்ன ஆனது?

2021 அக்டோபர் தொடக்கத்தில் 89 இலங்கைத் தமிழர்கள் ஒரு மீன்பிடிப் படகில் வந்துகொண்டிருந்தார்கள். கனடாவுக்குப் போவதாகத் திட்டம். சிலர் தமிழகத்தின் அகதி முகாம்களில் வாழ்ந்தவர்கள். நடுக்கடலில் படகு பழுதாகித் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பிரிட்டிஷ் கப்பல்கள் படகைக் காப்பாற்றி டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுபோயின. அந்தப் பிரதேசத்தில் அகதித் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த முதல் மனிதர்கள் இவர்கள்தான். அங்கே அதற்கு விதியும் இல்லை, அலுவலகமும் இல்லை. அகதிகள் உடன்படிக்கை இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்றது பிரிட்டன்.

வேலி போட்ட ஒரு முகாமில் ராணுவக் கூடாரங்களில் தங்கவைத்தார்கள். ஓரிரு வாரம் என்று நினைத்தது ஆண்டுக்கணக்கில் நீண்டது. மழையில் கூடாரம் ஒழுகியது. எலிகள் உள்ளே கூடு கட்டின. குழந்தைகளும் இருந்தார்கள். உண்ணாவிரதம், தற்கொலை முயற்சிகள். சிகிச்சைக்காகச் சிலரை ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். சிலர் பொறுக்காமல் இலங்கைக்கே திரும்பினார்கள்; சிலர் மறுபடி படகேறி ரீயூனியன் பக்கம் போனார்கள்.

வழக்கு அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. லண்டன் நீதிபதி நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்கா முதலில் மறுத்தது. சொந்தப் பிரதேசத்தில் சொந்த நீதிபதி போய் இறங்க வேறு நாட்டின் தயவு வேண்டியிருந்தது! கடைசியில் 2024 செப்டம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபி, வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் எல்லாரும் தீவுக்குப் போய் முகாமைப் பார்த்தார்கள். டிசம்பர் 16 அன்று தீர்ப்பு: அவர்களை அங்கே வைத்திருந்தது சட்டவிரோதக் காவல்; பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது சிறை. தீர்ப்பு வருவதற்குச் சற்று முன்பே, மீதமிருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள். அதே ஓடுபாதையிலிருந்துதான் விமானம் ஏறினார்கள்.

நான் சுற்றுலா போக முடியுமா?

முடியாது. பயணிகள் விமானம் கிடையாது, ஹோட்டல் கிடையாது, விசாவுக்கு விண்ணப்பிக்க வழியும் கிடையாது. ராணுவத்தோடோ நிர்வாகத்தோடோ தொடர்புள்ளவர்கள் மட்டும் அனுமதியோடு போகலாம். சொந்தப் பாய்மரப் படகில் இந்தியப் பெருங்கடலைக் கடப்பவர்களுக்கு வெளித்தீவுகளில் முன் அனுமதியுடன் நங்கூரமிட விட்டதுண்டு. டியாகோ கார்சியா பக்கம் தலைவைக்கக் கூடாது.

அங்கே வேலை செய்பவர்கள் யார்?

சமையல், துப்புரவு, மின்சாரம், கட்டுமானம், சலவை என்று அன்றாட வேலைகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள். மொரிஷியஸ்காரர்களும் உண்டு. யாரும் குடும்பத்தோடு வர முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போக வேண்டும். நிரந்தரக் குடிகளே இல்லாத தீவு என்று சொல்லி மக்களை அனுப்பிவிட்டு, வேலைக்கு ஆளை 6,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கொண்டுவருகிறார்கள். பல ஆண்டுகளாகச் சாகோஸ் மக்களுக்கு இங்கே வேலை கிடைக்காததுதான் இதில் உறுத்தல்.

இவ்வளவு தாழ்வான தீவில் குடிநீர் எங்கிருந்து வருகிறது? கடல் மூழ்கடிக்காதா?

மழைநீர் பவள மண்ணில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். அதை மேலாக, கவனமாக உறிஞ்ச வேண்டும். ஆழத்தில் கை வைத்தால் உப்பு ஏறிவிடும். அதனால் ஒரே ஆழ்கிணறு தோண்டாமல், மேலோட்டமான கிணறுகள் நிறையப் போட்டிருக்கிறார்கள். விமானத்தளத்தின் அருகிலும் அப்படிக் கிணறுகள் உண்டு. 1991-ல் அங்கே நிலத்தடிக் குழாயிலிருந்து விமான எரிபொருள் கசிந்து, நிலத்தடிக் குடிநீரில் கலந்தது. சுத்தப்படுத்த நீண்ட காலம் பிடித்தது.

2004 சுனாமி நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் உருக்குலைத்தது. டியாகோ கார்சியாவில் குறிப்பிடத்தக்க சேதமில்லை. கிழக்கே கடலடி திடீரென்று ஆழமாக இறங்குவதால் அலை உயர்ந்து எழும்பவில்லை என்பது விளக்கம். மெல்ல உயரும் கடல் மட்டத்துக்கு அந்த விளக்கம் உதவாது.

இந்தியாவின் நிலைப்பாடு என்ன?

காலத்துக்குத் தக்க மாறியிருக்கிறது. 1971-ல் இந்தியப் பெருங்கடலை 'அமைதி மண்டலம்' ஆக்க வேண்டும் என்று சிறிமாவோ பண்டாரநாயக்கவின் இலங்கை ஐ.நா.வில் முன்னெடுத்தபோது இந்தியாவும் உடன் நின்றது. இந்திரா காந்தி காலத்தில் டியாகோ கார்சியா தளம் என்றாலே டெல்லியில் எரிச்சல். இன்று அந்த எரிச்சல் இல்லை. சீனக் கப்பல்கள் இந்தக் கடலில் நடமாடத் தொடங்கிய பிறகு தளம் இருப்பதில் டெல்லிக்கு உள்ளூர ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் தீவு மொரிஷியஸுடையது என்பதில் இந்தியா உறுதி. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையில் மொரிஷியஸுக்கு ஆதரவாக வாக்களித்தது. போதாக்குறைக்கு, மொரிஷியஸின் அகலேகா தீவில் இந்தியாவே 3,000 மீட்டர் ஓடுபாதை ஒன்றைக் கட்டிக் கொடுத்து, 2024 பிப்ரவரியில் திறந்துவைத்தது. அது தளம் அல்ல என்று இரு நாடுகளும் சொல்கின்றன. 1973-ல் அமெரிக்கா வானொலி நிலையம் என்றுதான் சொன்னது.

2025 ஒப்பந்தத்துக்குப் பிறகு தளம் யாருடையது? சாகோஸ் மக்கள் திரும்ப முடியுமா?

பின்னணி சுருக்கமாக: 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது தவறு, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று கருத்துரை வழங்கியது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, 6 நாடுகள் எதிர்த்தன. பிரிட்டன் சில ஆண்டு இழுத்தடித்துவிட்டுப் பேச்சுக்கு வந்தது.

2025 மே 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, சாகோஸ் முழுவதன் இறையாண்மையும் மொரிஷியஸுக்கு. டியாகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டு பிரிட்டன் நிர்வகிக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி பவுன் கொடுக்கும். தளம் எப்போதும்போல அமெரிக்கர்களிடம். இங்கிருந்து நேரடியாக வேறொரு நாட்டின் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் மொரிஷியஸுக்கு விரைவாகத் தெரிவிக்க வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு நாடுகளும் தங்கள் உள்நாட்டு நடைமுறைகளை முடித்தால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும்.

சாகோஸ் மக்களைப் பொறுத்தவரை, அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஒலிவியர் பான்கூல்ட் தொடுத்த வழக்கில் 2000-ல் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்ற ஆணை சட்டவிரோதம் என்றது. 2004-ல் அரசு மகாராணியின் பெயரில் ஆணை போட்டு ஊர் திரும்பும் உரிமையைத் திரும்பப் பிடுங்கியது. 2008-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் பக்கம் சாய்ந்தது. புதிய ஒப்பந்தம் மற்ற தீவுகளில் குடியேற்ற மொரிஷியஸுக்கு வழிவிடுகிறது. டியாகோ கார்சியாவில் குடியேற்றம் கிடையாது. பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு இடமே தரவில்லை என்பது அவர்களில் பலரது புகார். ஒப்பந்தத்தைத் தடுக்க டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் நீதிமன்றம் போனதில், கையெழுத்து அன்று காலை சில மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. மதியம் தடை நீங்கியது, அன்றே கையெழுத்தும் ஆனது.